புல்லாங்குழலைக் கொஞ்சம் நிறுத்துங்கள்

பழைய நடிகைகளின் வாழ்க்கைக் கதையை வீடியோவாகவும் தொடராகவும் தருகிறவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கதைகளை விடாமல் பார்க்கிற ஆள் நான். அதனால் யாரோ வசைபாட வந்திருக்கிறார்கள் என்று பாதியில் மூடிவிட வேண்டாம். போன வாரம்கூட தூக்கம் வராத ஒரு ராத்திரியில் வரிசையாக மூன்று பார்த்தேன். மூன்றிலும் அதே சோகப் புல்லாங்குழல். மூன்றிலும் ஒரே பாதை: பிறந்தது வறுமையில், அப்பா இல்லை அல்லது இருந்தும் பிரயோஜனமில்லை, பிறகு சினிமா வந்து கைதூக்கி விட்டது, கடைசியில் விதி விளையாடிவிட்டது.

எனக்கு உறுத்துவது அந்தக் 'கைதூக்கி விட்டது' என்கிற இடம்தான். பல பேருக்குச் சினிமாதான் குழந்தைப் பருவத்தையே பறித்துக்கொண்டது. 'நடிக்க வந்தார்' என்று அழகாகச் சொல்கிறீர்கள். 'வேலைக்கு அனுப்பப்பட்டார்' என்று ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறீர்களா?

இந்தி நடிகை மீனா குமாரியை எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்த குழந்தையை அப்பா அனாதை இல்லத்தில் விட்டுவிட்டு, மனசு கேட்காமல் சில மணி நேரத்தில் திரும்பப் போய் எடுத்து வந்தார் என்ற கதையை நீங்கள் எல்லோருமே சொல்லியாகிவிட்டது. கேட்டால் யாருக்கும் தொண்டை அடைக்கும். ஆனால் அது ஒரு நாள் சமாச்சாரம். சின்ன வயதிலேயே மஹஜபீன் பானு என்ற அந்தச் சிறுமி பம்பாய் ஸ்டுடியோவுக்குள் போய் 'பேபி மீனா' ஆனாளே, அதற்குப் பிறகு வந்த வருடங்களை நீங்கள் இரண்டே வாக்கியத்தில் தாண்டிவிடுகிறீர்கள். அவள் சம்பாத்தியத்தில் வீட்டில் உலை வைத்த வருடங்கள் அவை. ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போக வாய்க்காத அந்தப் பெண்தான் பின்னால் 'நாஸ்' என்ற பெயரில் உருதுக் கவிதை எழுதினார். 1972-ல் சாகும்போது நாற்பதுகூட ஆகவில்லை.

அந்தப் 'பேபி'யைக் கவனியுங்கள். அப்பாவுக்கு வேலை போய், குடும்பம் டெல்லியிலிருந்து பம்பாய் வந்து, 1942-ல் ஒன்பது வயதில் திரையில் வந்த பழைய இந்தி நடிகை மதுபாலாவுக்கு 'பேபி மும்தாஜ்' என்று பெயர். இரண்டரை வயதில் மேடையேறிய ஹாலிவுட் நடிகை ஜூடி கார்லண்டைக்கூட ஆரம்பத்தில் 'பேபி கம்' என்றுதான் அழைத்தார்கள். நம் ஸ்ரீதேவியும் 'பேபி'தான். டைட்டிலில் பார்க்கும்போது கொஞ்சலாக இருக்கிறது. ஆனால் அது உத்தியோகப் பெயர். கம்பவுண்டர், கண்டக்டர் மாதிரி, பேபி.

ஸ்ரீதேவி பேச்சு வந்ததால் இன்னொன்று. 'மூன்று முடிச்சு' 1976-ல் வந்தபோது அவருக்கு வயது 13. அதில் ரஜினிக்குச் சித்தியாக வருகிறார். எட்டாம் வகுப்பு பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டிய பிள்ளை. என்ன நடிப்பு, என்ன முதிர்ச்சி என்று நாம் எல்லோரும் வியந்திருக்கிறோம், நானும்தான். அந்த முதிர்ச்சி எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டதில்லை. நீங்களும் கேட்கவில்லை.

ஹாலிவுட்டின் குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிள் 1988-ல் வந்த தன் சுயசரிதையில் ஒரு பெட்டியைப் பற்றி எழுதியிருக்கிறார். மூன்று நான்கு வயதில் குறும்படங்களில் நடித்தபோது, செட்டில் அடம்பிடிக்கும் குழந்தையை ஓர் இருட்டுப் பெட்டிக்குள் போட்டு மூடுவார்களாம். உள்ளே ஒரு பெரிய ஐஸ் கட்டி. உட்கார வேண்டுமென்றால் அதன்மேல்தான் உட்கார வேண்டும். உலகமே அந்தச் சிரிப்பையும் சுருட்டை முடியையும் கொண்டாடியது. பெட்டியைப் பற்றி அவர் எழுதியபோது அவருக்கு அறுபது வயது. பெரியவளாகிக் கணக்குப் பார்த்தபோது, சம்பாதித்த சுமார் 32 லட்சம் டாலரில் மிச்சம் இருந்தது 44 ஆயிரம். இதில் விதி எங்கே வந்தது? யாரோ கையெழுத்துப் போட்டார்கள், யாரோ எடுத்துச் செலவழித்தார்கள்.

ஜூடி கார்லண்ட் கதையில் மாத்திரைகள் கட்டாயம் வரும். விழித்திருக்க ஒன்று, தூங்க ஒன்று என்று ஸ்டுடியோவே கொடுத்ததாக அவர் சொல்லியிருக்கிறார். நீங்கள் அதை 'போதைக்கு அடிமையானார்' என்று எழுதுகிறீர்கள். தானாகத் தேடிப் போன மாதிரி!

அதற்காக அம்மாக்களை வில்லியாக்கவும் வேண்டாம். அந்த இன்னொரு வகைக் கதையும் எனக்கு அலுத்துவிட்டது. மனோரமாவின் தாயைப் போலக் கணவன் கைவிட்டு, வீட்டு வேலை செய்து பிள்ளை வளர்த்தவர்களுக்கு எத்தனை வழி இருந்தது? மகள் பன்னிரண்டு வயதில் நாடக மேடை ஏறினாள் என்றால், அதற்கு முன்னால் அம்மா படுத்த படுக்கையாகிப் படிப்பு நின்றது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எல்லோருக்கும் இது பொருந்தாது, சரி. ஹாலிவுட் நடிகை ஆட்ரி ஹெப்பர்ன் நெதர்லாந்தில் 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் பட்டினி கிடந்தார். அது போர் செய்த வேலை. அங்கே உங்கள் புல்லாங்குழல் ஒலிக்கட்டும்.

மற்றவர்களுக்கு நான் கேட்பது இவ்வளவுதான். எத்தனை வயதில் வேலைக்குப் போனார், பணம் யார் கையில் போனது, பள்ளிக்கூடம் என்ன ஆனது? தெரிந்தவரை சொல்லுங்கள். ஜாக்கி கூகன் என்ற குழந்தை நட்சத்திரம், தான் சம்பாதித்ததைக் கேட்டு அம்மாமீதும் அம்மாவின் இரண்டாவது கணவர்மீதுமே வழக்குப் போட்ட பிறகு, 1939-ல் கலிபோர்னியாவில் இதற்கென்று சட்டமே வந்தது. இந்தியாவில் 2017 விதிகளின்படி நடிக்கிற குழந்தைக்கு ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தை பெயரிலேயே தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்பாகப் போக வேண்டும். பேபி மீனா கதையின் நடுவே இதை ஒரு வரி சொன்னால், மறுநாள் மகளை ஆடிஷனுக்குக் கூட்டிப் போகிற எந்த அம்மாவின் காதிலாவது விழும். உங்களில் சிலர் குழந்தைகளை வைத்தும் நிகழ்ச்சி நடத்துகிறீர்கள். அங்கே எத்தனை மணிக்குப் பேக்கப் சொல்கிறீர்கள் என்பதையும் தெரிந்துகொள்ள ஆசை.

அன்புடன்,
உங்கள் நேயர்

பி.கு. வயதை எழுதும்போது இரண்டு தடவை சரிபாருங்கள். ஷெர்லி டெம்பிளுக்கு ஒரு வயதைக் குறைத்தே சொல்லி வந்தார்கள். பன்னிரண்டாவது பிறந்தநாள் என்று நினைத்துக் கொண்டாடியபோதுதான், பதின்மூன்று ஆகிவிட்டது என்று அம்மா அவளிடம் சொன்னார்.