ஆமாம், பையில் இருப்பது மணல்தான்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இந்த மடலை இரண்டு மாதம் முன்பே எழுதியிருக்க வேண்டும். அதற்குள் ஒருவர் நம் வேம் (வேருக்குள் வாழ்ந்து செடிக்குச் சத்து எடுத்துக் கொடுக்கும் வேர் உட்பூசணம்) பையைக் கிழித்து உள்ளங்கையில் கொட்டி, "பாருங்க, வெறும் மணலைக் காசுக்கு விக்கிறாங்க" என்று எடுத்த படம் கைபேசி கைபேசியாகச் சுற்றிவிட்டது. எங்களுக்கே பதினோரு பேர் அனுப்பிவிட்டார்கள்.

மணல்தான். நாங்கள் மறைத்ததே இல்லை. பையின் பின்பக்கம் எழுதியும் இருக்கிறோம். எழுத்து கொஞ்சம் பொடி, ஒப்புக்கொள்கிறோம். உறுத்துவது அந்த "வெறும்" என்ற சொல்தான்.

அசோஸ்பைரில்லம் போன்ற நுண்ணுயிர்களைப் பாட்டிலில் பெருக்கிவிடலாம். வேர் உட்பூசணம் அப்படி வராது. உயிருள்ள வேருக்குள் புகுந்தால்தான் அது பெருகும். சோதனைக்கூடத்தில் வளர்ப்பவர்கள்கூட பக்கத்தில் ஒரு வேரை வைத்துத்தான் வளர்க்கிறார்கள். அதனால் மணலையும் வெர்மிகுலைட் என்ற லேசான கனிமத் துகளையும் ஆவியில் வேகவைத்துத் தொட்டியில் நிரப்பி, பூசணத்தின் விதை போன்ற தாய் வித்தைத் தூவி, அதன்மேல் மக்காச்சோளம் விதைக்கிறோம். மூன்று நான்கு மாதம் தண்ணீர் ஊற்றி வளர்த்துவிட்டு, கடைசி பத்துப் பதினைந்து நாள் நிறுத்திவிடுவோம். செடி காய்ந்ததும் தண்டை வெட்டி எறிந்துவிட்டு, வேரைப் பொடிப்பொடியாக நறுக்கி அதே மணலில் கலந்தால் அதுதான் வேம். வித்து, பூசண இழை, வேர்த்துண்டு எல்லாம் அந்த மணலுக்குள்தான் இருக்கின்றன. ஒரு வித்து ஏறக்குறைய மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. கழுவி வடிகட்டி லென்ஸில் பார்த்தால் தேன் நிறத்தில் குட்டி மணி மாதிரி இருக்கும். மணலை நீக்கி வித்தை மட்டும் பொறுக்கித் தரச் சொன்னால் சல்லடையோடே எங்கள் ஆயுள் முடிந்துவிடும்.

எங்களை விடுங்கள். வேரும் பூசணமும் சேர்ந்து வாழும் இந்த உறவுக்கு மைக்கோரைசா என்று 1885-ல் பெயர் வைத்த ஜெர்மன் தாவரவியலாளர் ஃப்ராங்க் சொன்னதையே அன்று பலர் ஏற்கவில்லை. பூசணம் என்றாலே நோய் என்றிருந்த காலம் அது. ட்ரஃபிள் என்ற நிலத்தடிக் காளானைப் பயிரிட வழி கண்டுபிடிக்கச் சொல்லி அவரிடம் வேலை கொடுத்தார்கள். அவர் கண்டுபிடித்துக்கொண்டு வந்தது இதை.

அடுத்த புகார், "போட்டும் ஒன்றும் ஆகவில்லை." என்ன பயிர் என்று கேட்டால் முட்டைக்கோஸ், காலிபிளவர் என்கிறார்கள். கடுகுக் குடும்பம் இந்தப் பூசணத்தோடு சேராது. முள்ளங்கி, பீட்ரூட், கீரையில் பல வகைகளும் அப்படித்தான். கேட்காமல் பையை எடுத்து நீட்டியிருந்தால் தப்பு எங்களுடையது.

இன்னும் சிலர் வேமையும் டிஏபி என்ற மணிச்சத்து (பாஸ்பரஸ்) உரத்தையும் ஒரே குழியில் போடுகிறார்கள். மணிச்சத்து மண்ணில் அதிகம் நகராது. வேர் தன்னைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டரில் இருப்பதைத் தின்று தீர்த்துவிட்டு நிற்கும். வேரைவிடப் பல மடங்கு மெல்லிய பூசண இழை, வேர் நுழைய முடியாத இடுக்கில் நுழைந்து, சில சென்டிமீட்டர் தள்ளியிருப்பதையும் எடுத்து வந்து கொடுக்கும். சும்மா கொடுக்காது. செடி தான் சேர்க்கும் கரிமத்தில் 4 முதல் 20 சதவீதம் வரை சர்க்கரையாகவும் கொழுப்பாகவும் அதற்கு அளக்கிறது. மணிச்சத்து குறைந்து பசிக்கும்போது வேர் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற பொருளைக் கசியவிட்டுப் பூசணத்தைக் கூப்பிடும். அது பூசண இழையைக் கிளைக்க வைக்கும் அழைப்பு என்பது 2005-ல்தான் தெரிந்தது. டிஏபி வேரடியிலேயே குவிந்து கிடந்தால் செடி எதற்குக் கூப்பிடப் போகிறது?

அப்புறம், வேரைக் கழுவிப் படம் எடுத்து "வெள்ளையாக ஒன்றுமே இல்லையே" என்று கேட்டவருக்கு: இருக்காது ஐயா. பைன் மர வேரில் பூசணம் உறை போட்டது போல வெளியே தெரியும். நம் பையில் இருப்பது வேறு வகை. வேர்ச் செல்லுக்குள் போய்க் குட்டி மரம் போலக் கிளைவிடும், ஒவ்வொன்றும் சில நாள்தான் இருக்கும். நட்டு நான்கு வாரம் கழித்து ஒரு செடியை வேரோடு கொண்டுவாருங்கள். காரக் கரைசலில் வேகவைத்து, வினிகரில் கலந்த எழுதுமையில் ஊறவைத்து, நுண்ணோக்கியில் காட்டுகிறோம். வெளிறிய வேருக்குள் வரிசையாக நீல மரங்கள். முதல்முறை பார்ப்பவர்கள் கொஞ்ச நேரம் பேசமாட்டார்கள்.

நுண்ணோக்கி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஆறு வருடமாக எங்களிடம் வித்து எண்ணிய பெண் வேறு வேலைக்குப் போய்விட்டார். புது ஆளுக்குக் கண் பழகும்வரை இடையில் ஒரு தொகுதி எண்ணாமலே வெளியே போனது. பை அடியில் தொகுதி எண் 14 என்றிருந்தால் கொண்டுவந்து மாற்றிக்கொள்ளுங்கள். சுற்றும் படத்தில் பையின் அடிப்பக்கம் மடங்கியிருக்கிறது, எண் தெரியவில்லை. வெர்மிகுலைட் விலை ஏறியதால் ஒரு கிலோ பை இனி 800 கிராம், விலை பழையதே.

படத்தைப் பார்த்த பிறகும் நேரில் வந்து, "என்னதான் நடந்தது, சொல்லுங்க" என்று உட்கார்ந்து கேட்டவர்களை மறக்க மாட்டோம். பக்கத்து வயல்காரரிடம் எங்களுக்காக வாதாடிவிட்டு வந்த பெரியவர் ஒருவர், தன் செலவில் இன்னும் நான்கு பை வாங்கிப் போனார். அவருக்கு வெறும் நன்றி போதாது.

பையை வெயிலில் வைக்காதீர்கள். மேலே தூவினால் பயனில்லை, வேர் தொடும் இடத்தில் இடுங்கள். கார்பென்டாசிம் போன்ற பூசணக்கொல்லியை அதே வேரில் ஊற்றிவிட்டு எங்களைக் கூப்பிட வேண்டாம். மற்ற எதற்கும் கூப்பிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் நாற்றுப்பண்ணைக்காரர்