காமன் பொட்டலில் விடியும்வரை ஆட விடுங்கள்

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டக் கோயில்களின் தலைவர்மாருக்கும் கமிட்டிக்காரருக்கும் ஒரு திறந்த மடல்

மரியாதைக்குரிய தலைவர்மாரே, கமிட்டி அண்ணன்மாரே, வணக்கம்.

போன மாசியில் எங்கள் தோட்டத்தில், மன்மதன் எரிந்த கதையை ஆடும் காமன் கூத்து அரை மணித்தியாலத்தில் முடிந்துபோனது. ஒன்பது மணிக்கு இசைக்குழு வருகிறது, மேடையை விட்டுக்கொடுங்கள் என்று கமிட்டியில் சொல்லிவிட்டார்கள். கூப்பிட்டு ஓலை வந்த கையோடு மதன் புறப்பட்டான், புறப்பட்ட கையோடு எரிந்தான். அவன் மனைவி ரதிக்கு வாய் திறக்க நேரமில்லை. எழுபது வயது தாண்டிய கூத்து மாஸ்டர் தன் பாட்டுக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு மேடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவரை எழுப்பித் தேத்தண்ணி குடிக்கக் கூட்டிப் போனவள் நான். டம்ளரைக் கையில் வாங்கியவர், "ரதி அழாமல் மதன் எரியலாமாம்மா?" என்றார். அந்தக் கேள்வியை உங்களிடம் கொண்டுவரத்தான் இந்த மடல்.

எங்கப்பா பதினொரு வருசம் ரதி வேஷம் கட்டினார். மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் கம்பம் நட்டுவிட்டால் அன்றிலிருந்து வீட்டில் கவிச்சி கிடையாது; அவருக்குத் தனிப் பாய், தனித் தட்டு. கடைசி நாள் சாயங்காலம் மீசையை வழித்துவிட்டு வந்து நிற்பார். அம்மா தன் கூறைப்புடவையை எடுத்து அவருக்குக் கட்டிவிடுவார். கொசுவத்தைப் பிடித்து இடுப்பில் செருகும்போதும், தோளில் பின் குத்தும்போதும் அப்பா பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும் பிள்ளை மாதிரி ஆடாமல் அசையாமல் நிற்பார். முகத்தில் அரிதாரம் ஏறிய பிறகு நாங்கள் அவரை "அப்பா" என்று கூப்பிடக்கூடாது. ஒரு வருசம் தம்பி தூக்கக் கலக்கத்தில் கூப்பிட்டுவிட்டான். அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. தம்பி விடிய விடிய அழுதான்.

பொட்டலில் ஆடுவதற்கு முன்னால் ரதியும் மதனும் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு, லயம் லயமாகப் போவார்கள். மேட்டு லயம், பணிய லயம், ஆற்றோரத்து நாலு காம்பரா, ஒன்று விடாமல். ஒவ்வொரு வாசலிலும் காலுக்குத் தண்ணீர் ஊற்றி, சூடம் காட்டி, தட்டில் அரிசியும் தேங்காயும் வைப்பார்கள். இடுப்பொடிந்து படுத்த படுக்கையாக இருந்த ஒரு பாட்டியின் வாசலில் அப்பா எப்போதும் கூடுதல் நேரம் நின்று ஆடுவார். அந்தப் பாட்டிக்குப் பொட்டலுக்கு வர வழியில்லை. கூத்தே அவரைத் தேடிப் போனது. நீங்கள் இப்போது மேடைக்கு முன்னால் கதிரை போட்டு வைத்திருக்கிறீர்கள். நல்லது. ஆனால் கதிரைக்கு வர முடியாதவர்களின் வாசலுக்கு இப்போது யார் போகிறார்கள்?

ரதியின் ஒப்பாரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். போகாதே என்று அவள் மறிக்கிறாள், கெட்ட கனவு கண்டேன் என்கிறாள், தேவர்கள் கூப்பிட்டுவிட்டார்கள் என்று அவன் போகிறான், சிவன் கண் திறந்ததும் சாம்பலாகிறான். கதை இவ்வளவுதான். தஞ்சாவூர், புதுக்கோட்டை, திருச்சிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கப்பலேறி, தலைமன்னாரில் இறங்கி, மாத்தளை வரை காட்டுவழி நடந்து வந்தவர்கள் இந்தக் கதையை மனதில் சுமந்து வந்தார்கள். வழியில் செத்து விழுந்தவர்களைப் புதைக்கக்கூட நிற்காமல் நடந்த சனம் அது. கோப்பித் தோட்டம் போய்த் தேயிலை வந்த பிறகும் கூத்து போகவில்லை. கூப்பிட்ட குரலுக்குப் போய்த் திரும்பி வராத ஆளை நினைத்து அழ, அவர்களுக்கு ரதியை விட்டால் வேறு யார் இருந்தார்கள்?

1964 ஒக்டோபரில் இந்திய, இலங்கை அரசாங்கங்கள் இரண்டும் உட்கார்ந்து எங்களைப் பங்கு போட்டன. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மிச்சப் பேரைப் பிறகு பார்ப்போம் என்று. எங்கப்பாயியின் கூடப்பிறந்த அக்கா அந்தக் கணக்கில் போனவர். ஹட்டன் ஸ்டேசனில் இந்தியாவுக்குப் போகிறவர்களை ஏற்றிய ரயில், எங்கள் சனம் சொல்லும் அழுகைக் கோச்சி, நகர்ந்தபோது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பிளாட்பாரம் முடியும்வரை கூடவே ஓடியதாக அப்பாயி சொல்வார். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு மாசியிலும் ரதி ஒப்பாரி எடுக்கும் நேரம் அப்பாயி முந்தானையை வாயில் திணித்துக்கொள்வார். பக்கத்தில் இருக்கும் பெண்களும் அப்படித்தான். யாரும் யாரையும் ஏன் அழுகிறாய் என்று கேட்டதில்லை. இப்போது புறப்பட்டுப் போவது அம்மாமார். வீட்டு வேலைக்கு வெளிநாடு போன தாயின் படத்தைப் புத்தகத்துக்குள் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். அந்தப் பிள்ளைகளுக்கும் அழ ஓர் இரவு வேண்டும் அண்ணன்மாரே.

தப்புப் பறை அடிக்கும் தப்புக்காரரைப் பற்றியும் பேசியாக வேண்டும். தப்பு இல்லாமல் காமன் இல்லை. வைக்கோலைக் கொளுத்தி அந்த அனலில் தோலைக் காட்டி, விரலால் தட்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் காட்டி, கணீரென்று வந்த பிறகுதான் முதல் அடி விழும். பனி பெய்யும் எங்கள் மலையில் இரவில் பத்துத் தடவையாவது தோலைக் காய்ச்ச வேண்டும். விடியற்காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்கு எழுப்பியதும் இதே தப்பு. சாவுக்கு முன்னால் நடந்ததும் இதே தப்பு. இன்றைக்கு மலையகத்தின் அடையாளம் என்று பெனரில் அடிப்பதும் இதே தப்பின் படம். அடித்தவரை மட்டும் கோயில் படிக்கு வெளியே நிறுத்தினோம், கடைசிப் பந்தியில் சோறு போட்டோம். சாதி என்று வாயால் சொல்லாமலே அதைச் செய்தோம். அதனால்தான் அவர்களின் பிள்ளைகள் தப்பைத் தொட மறுக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமில்லை. தப்புச் செட்டுக்கு இசைக்குழுவுக்குக் கொடுப்பதில் பாதியாவது கொடுங்கள், முதல் பந்தியில் உட்கார வையுங்கள், தலைவர் கழுத்தில் விழும் மாலை அவர்கள் கழுத்திலும் விழட்டும். பிறகு அவர்கள் வருகிறார்களா என்று பாருங்கள்.

விடிய விடிய ஆடினால் காலையில் பெரட்டுக்கு யார் போவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், வெட்டுப்பட்டாலும் அடுப்பில் தெரியும். ஆனால் பல தோட்டங்களில் தகனம் மாசிப் பௌர்ணமியை ஒட்டித்தான் வருகிறது. பௌர்ணமி விடுமுறையான போயாவுக்கு முந்தின இரவு பொட்டலில் தொடங்கினால், சாம்பல் ஆறும்போது யாருக்கும் வேலை இல்லை. கொழும்புக் கடைகளில் நிற்கும் பொடியன்மாருக்கும் லீவு. இசைக்குழுவை வேறொரு நாளில் வையுங்கள். அதையும் கேட்கிற சனம் இருக்கிறது, வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒன்று மட்டும்: கோயிலுக்குப் பணம் சம்பளத்தில் பிடிபடுகிறது. கொழுந்து எடுக்கிற பெண்கள் கையிலிருந்துதான் அதில் பெரும்பங்கு போகிறது. எதை வெட்டுவது, எதை வைப்பது என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் எத்தனை பெண்களை உட்கார வைத்தீர்கள்?

மாஸ்டர்மாரின் கொப்பிகளையும் மறந்துவிடாதீர்கள். மடக்கும்புரைத் தோட்டத்தில் பிறந்த எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை நம் சனத்தின் பாட்டுகளைத் தேடிச் சேர்த்து வைத்துவிட்டு 1984இல் கண்ணை மூடினார். அவர் சேர்த்ததால் அவை மிஞ்சின. எங்கள் மாஸ்டரின் கொப்பியில் எலி கடித்த பக்கங்கள் உண்டு. அந்த இடங்களில் என்ன இருந்தது என்று அவர் நினைவில்தான் இருக்கிறது. உங்கள் தோட்டத்துப் பொடியன் ஒருவன் கையில் போன் இருக்கும். கொப்பியைப் பக்கம் பக்கமாகப் படம் எடுக்கச் சொல்லுங்கள், மாஸ்டரைப் பாடவிட்டுப் பதியச் சொல்லுங்கள். மெட்டு எழுத்தில் நிற்காது. இதற்குக் கமிட்டிக் காசில் ஒரு சதமும் வேண்டாம்.

அப்பா இப்போது இல்லை. அவர் கட்டிய கூறைப்புடவை அம்மாவின் தகரப் பெட்டியில் இருக்கிறது. கரையில் அரிதாரக் கறை இன்னும் போகவில்லை. வருகிற மாசியில் எந்தத் தோட்டத்திலாவது ரதி வேஷம் கட்டும் தம்பிக்குப் புடவை இல்லையென்றால் தையிலேயே சொல்லியனுப்புங்கள். அம்மாவே கொண்டுவந்து கட்டிவிடுவதாகச் சொல்கிறார். இரவு முழுக்க ஆடுவார்களா என்று மட்டும் முதலில் கேட்டு வரச் சொன்னார்.

இப்படிக்கு,
பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ரதி வேஷம் கட்டியவரின் மகள்