கழலத் தெரிந்த பூட்டு

கால்கரி,
பிப்ரவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான், உங்கள் மருமகள், பாப்பா மூவரும் நலம். உங்கள் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல்.

போன ஞாயிறு நான் அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு அம்மா போனில் அழுதுவிட்டாள். ஏழு வயதுப் பிள்ளையைப் பனிமலையில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறாயே, போன வருஷம் உன் கால் பட்ட பாடு போதாதா என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். போனில் உங்களுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை, அம்மாவோ முழுதாகச் சொல்ல விடுவதில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நீங்கள் படித்து அம்மாவுக்கும் சொல்லுங்கள்.

போன வருஷம் வழுக்கி விழுந்தேன் என்று மட்டும்தான் உங்களிடம் சொன்னேன். நடந்தது இதுதான். கூட வேலை பார்ப்பவர் தன் பழைய பனிச்சறுக்குப் பலகைகளையும் பூட்ஸையும் இரவல் தந்தார். பூட்ஸ் கொஞ்சம் பெரிது. இரண்டு ஜோடிக் கம்பளி சாக்ஸ் போட்டுச் சரிக்கட்டினேன். பூட்ஸைப் பலகையோடு பிடித்து வைக்கிற பூட்டு ஒன்று உண்டு, பைண்டிங் என்பார்கள். அது அவருடைய எடைக்கும் வேகத்துக்கும் முறுக்கி வைத்தது. அவர் என்னைவிட இருபத்தைந்து கிலோ கூடுதல், சின்ன வயதிலிருந்தே சறுக்குகிறவர். இதெல்லாம் தெரியாமல் மாட்டிக்கொண்டு போனேன். பாதிச் சரிவில் வேகம் பிடித்ததும் பயந்துபோய், அப்படியே பின்னால் உட்கார்ந்துவிடலாம் என்று சாய்ந்தேன். ஒரு பலகையின் வால்பக்கம் மட்டும் பனியைக் கடித்துக்கொண்டு உள்பக்கமாகத் திரும்பியது. ஐந்தடிப் பலகை, கடப்பாறை போட்டு நெம்பியது போல முட்டியைத் திருகிவிட்டது. பூட்டு கடைசிவரை கழலவில்லை.

ஜவ்வு பாதி கிழிந்திருந்தது. ஆபரேஷன் வேண்டாம் என்றார்கள். மூன்று மாதம் மாடிப்படி ஏறும்போதெல்லாம் உங்களை நினைத்துக்கொண்டேன், அப்பா. நம் கடையில் பிரேக் பிடித்துப் பார்க்காமல் ஒரு சைக்கிளையும் நீங்கள் வெளியே விட்டதில்லை. அவசரம் என்று கத்துகிறவர்களைக்கூட நிறுத்தி வைத்து, இரண்டு சக்கரத்தையும் சுற்றிப் பார்த்த பிறகுதான் சாவியைத் தருவீர்கள். அதைப் பார்த்து வளர்ந்த நான், ஒருவர் தந்த சாமானைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் காலில் மாட்டியிருக்கிறேன்.

இந்த வருஷம் பலகைகளையும் பூட்ஸையும் கடையிலேயே வாடகைக்கு எடுத்தோம். அங்கே ஒரு பெரியவர் ஸ்க்ரூடிரைவரோடு நிற்கிறார். எடை, உயரம், வயது மூன்றும் கேட்டார். எப்படிச் சறுக்குவீர்கள், நிதானமாகவா வேகமாகவா என்றும் கேட்டார். பூட்ஸில் மில்லிமீட்டரில் எழுதியிருக்கும் அதன் அடிப்பாகத்தின் நீளத்தைப் பார்த்தார். அட்டவணையில் இத்தனையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் எண் வரும். பூட்டில் சின்னக் கண்ணாடி ஜன்னல் போல ஒன்று இருக்கிறது. திருகாணியைத் திருப்பத் திருப்ப அதற்குள் ஒரு முள் நகரும். எனக்கு 5 வந்தது, பாப்பாவுக்கு அதைவிட மிகவும் குறைவு. எண் கூடினால் பூட்டு இறுக்கம், குறைந்தால் சீக்கிரம் கழலும். அதிகம் குறைத்தாலும் ஆபத்துதான், ஓடுகிற வேகத்தில் சும்மாவே கழன்று ஆளைத் தள்ளிவிடும். "எடையைக் குறைத்தும் சொல்லக்கூடாது, திறமையைக் கூட்டியும் சொல்லக்கூடாது, உங்கள் எலும்புக்கு நான் பார்க்கிற கணக்கு இது" என்று அவர் சொன்னபோது எனக்கு நம் கடையில் நிற்பது போலவே இருந்தது.

பூட்ஸையும் அவரே மாட்டிக் காட்டினார். மெல்லிய சாக்ஸ் ஒன்றே ஒன்றுதான். முழங்காலை முன்னால் மடக்கினால் குதிகால் உள்ளே எழும்பக்கூடாது. பலகையில் ஏறுமுன் பூட்ஸின் அடியில் ஒட்டிய பனியைச் சுரண்டிவிட வேண்டும். பனி இருந்தால் பூட்டு சரியாக உட்காராது, கழலவேண்டிய நேரத்தில் கழலாது.

இந்தக் கழலும் பூட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், உங்களுக்குப் பிடிக்கும். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஹ்யால்மர் ஹ்வாம் என்ற சறுக்கு வீரர் 1937இல் ஓரிகானின் மவுண்ட் ஹூட் மலையில் காலை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதுதான், விழுந்தால் தானாகக் கழன்றுகொள்ளும் பூட்டுக்கு அவருக்கு வழி தோன்றியிருக்கிறது. இப்போதைய பூட்டில் முன்பக்கம் பக்கவாட்டில் விடும், குதிகால் பக்கம் மேல்நோக்கி விடும்.

ஆனால் பூட்டை மட்டும் நம்ப முடியாது என்று எனக்குப் பிசியோதெரபி கொடுத்த பெண்மணி விளக்கினார். நான் விழுந்தது போலப் பின்னால் உட்கார்ந்து திருகிக்கொள்ளும்போது, சரியாக முறுக்கிய பூட்டுகூடக் கழலாமல் போகலாமாம். எட்லிங்கர், ஜான்சன், ஷீலி என்ற மூவர் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் 1972 முதல் இந்தக் காயங்களை ஆராய்ந்தார்கள். முட்டி எந்த நிலையில் கிழிகிறது என்று மலையில் வேலை பார்ப்பவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி எடுத்தவர்களிடம் மோசமான முட்டிக் காயம் 62 சதவீதம் குறைந்தது என்று 1995இல் வெளியிட்டார்கள். எந்தச் சாமானையும் மாற்றாமல், விழும் விதத்தைச் சொல்லிக் கொடுத்தே இவ்வளவு!

பாப்பாவுக்கும் முதலில் விழத்தான் கற்றுக்கொடுத்தார்கள். ஊரின் மேற்கு ஓரத்தில், 1988 ஒலிம்பிக்குக்காகக் கட்டிய பூங்கா ஒன்று இருக்கிறது. அங்கேதான் வகுப்பு. கிட்டத்தட்டச் சமதளமான இடத்தில் பத்துப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, "விழுங்கள்" என்றார் டீச்சர். முட்டி மடங்கியே இருக்கவேண்டும். கை முன்னால். மேட்டுப்பக்கமாகச் சாய்ந்து இடுப்பும் தொடையும் பனியில் படும்படி விழவேண்டும். கையை ஊன்றக்கூடாது, காலை விறைக்கக்கூடாது. சறுக்கிக்கொண்டே போனாலும் முழுதாக நிற்கும்வரை எழுந்திருக்க முயலக்கூடாது. நின்றபின் பலகைகளைச் சரிவுக்குக் குறுக்கே, உடம்புக்குக் கீழ்ப்பக்கம் கொண்டுவந்து எழவேண்டும். பாப்பா ஏழெட்டுத் தடவை விழுந்தாள். ஒவ்வொரு தடவையும் இமையெல்லாம் பனித்தூளோடு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

பிள்ளைகளுக்கு ஆரம்பத்தில் கையில் கம்பு கொடுப்பதில்லை. பெரியவர்கள் கம்பைப் பிடித்தபடியே விழுந்தால் கட்டைவிரல் பின்னால் வளைந்து அடியில் இருக்கும் ஜவ்வு அறுந்துவிடும். விழப்போகிறோம் என்றால் கம்பை விட்டுவிட வேண்டும். டீச்சர் இதைச் சொன்னதும் எனக்கு நம் தேரடித் தெரு ஞாபகம் வந்தது. சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவந்தபடி நீங்கள் கத்துவீர்களே, "விழுறதுன்னா வண்டிய விட்டுரு, வண்டிய நான் சரி பண்ணிக்கிடுதேன்" என்று. அதையே பாப்பாவிடம் சொன்னேன்.

ஹெல்மெட் இல்லாமல் அவளை ஓர் அடி நகரவிடுவதில்லை, நானும் போடுகிறேன். பாதைகளுக்கு நிறம் வைத்திருக்கிறார்கள். பச்சை வட்டம் எளிது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம். நாங்கள் பச்சையைத் தாண்டுவதில்லை. அப்புறம், இங்கே குளிர்காலத்திலேயே சினூக் என்று ஒரு வெப்பக்காற்று வரும். ஒரே நாளில் பனி உருகும், ராத்திரி திரும்ப உறைந்தால் சரிவு கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அப்படிப்பட்ட காலையில் பாப்பா எவ்வளவு கேட்டாலும் போவதில்லை. களைத்துப்போன பிறகு "கடைசியாக ஒரு தடவை" என்பதும் எங்கள் வீட்டில் கிடையாது. கால் தளர்ந்த நேரத்தில்தான் ஆள் பின்னால் சாய்வான்.

பயம் எனக்கும் இருக்கிறது, அப்பா. ஆனால் வருஷத்தில் ஐந்தாறு மாதம் பனி கிடக்கும் ஊரில் பிள்ளையை ஜன்னலுக்குள்ளேயே வைத்து வளர்க்க எனக்கு மனசு வரவில்லை. அம்மாவிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

வர்ற சனிக்கிழமை வகுப்பு இருக்கிறது. திரும்பியதும் சாயங்காலம் ஏழரைக்குக் கூப்பிடுகிறேன், அங்கே ஞாயிறு காலை எட்டு மணி ஆகியிருக்கும். பூட்டைத் திருகும் பெரியவரோடு நீங்கள் வீடியோவில் இரண்டு வார்த்தை பேசவேண்டும் என்று பாப்பா அவரிடம் உங்களுக்காக நேரம் கேட்டு வைத்திருக்கிறாள். காதுக்கு மெஷினை மாட்டிக்கொண்டு உட்காருங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்