கஜா புயலுக்குப் பின் எங்கள் மருத்துவமனைக் கட்டடங்களை ஆய்ந்து தந்தோருக்கு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரியீர், வணக்கம்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்து போன பின், அந்தக் கடற்கரையோரத்தில் உள்ள எங்கள் அரசு மருத்துவமனையின் கட்டடங்கள் எல்லாம் நின்றுகொண்டுதான் இருந்தன. ஆனால் நிற்கின்ற கட்டடத்துக்குள் நோயாளியைப் படுக்கவைக்கலாமா என்ற கேள்விக்கு மருத்துவர்களாகிய எங்களால் விடை சொல்ல இயலவில்லை. மரக்கிளை விழுந்தும் ஓடு சரிந்தும் அடிபட்டவர்களும், பிரசவ வலியோடு வந்த பெண்களும் வாசலில் காத்திருந்த வேளையில், அந்த விடையைப் பொறுப்போடு எழுதித் தந்தவர்களுக்கே இந்த மடல்.

சாலையை மறித்துக் கிடந்த மரங்களை அறுத்து வழி உண்டாக்கிய தீயணைப்புத் துறையினருக்கும், அவர்களுக்கு முன்பே அரிவாளோடு இறங்கிவிட்ட சுற்றுக் கிராமத்து இளைஞர்களுக்கும் முதல் நன்றி. அவர்கள் இல்லையென்றால் ஆய்வாளர்கள் எங்கள் வாசலை எட்டியிருக்கவே முடியாது.

பொதுப்பணித் துறைப் பொறியாளர்களும், அவர்களுக்குத் துணையாக வந்த பொறியியல் கல்லூரி ஆசிரியர்களும் எடுத்த எடுப்பில் உள்ளே நுழையவில்லை. ஒவ்வொரு கட்டடத்தையும் வெளியே முழுதாகச் சுற்றிவந்து, மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவர், சன்ஷேடு, தண்ணீர்த் தொட்டி என்று தலைக்கு மேல் இருப்பவற்றைப் பார்த்த பிறகே வாசற்படி ஏறினார்கள். நிலநடுக்கத்துக்குப் பிந்தைய ஆய்வுக்காகக் கலிபோர்னியாவில் வகுக்கப்பட்டுப் பின்னர் பல நாடுகளில் பரவிய பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டை முறையை ஒட்டி, எங்கே தடையின்றிப் போகலாம், எங்கே ஒரு பகுதியை மட்டும் பயன்படுத்தலாம், எங்கே யாரும் நுழையக் கூடாது என்று கதவிலேயே ஒட்டிச் சென்றார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அந்த நிறம் புரிந்தது.

பிரசவ வார்டின் சுவரில் கண்ட விரிசலைப் பார்த்து நாங்கள் அனைவரும் அஞ்சினோம். செங்கற்சுவரும் கான்கிரீட் தூணும் சேரும் இடத்தில் பூச்சு மட்டும் பிளந்திருப்பதாகத் தட்டிப் பார்த்துக் காட்டி, அந்த வார்டுக்குப் பச்சை அட்டை தந்தார்கள். நாங்கள் ஒரு பொருட்டாகவே எண்ணாத மாடி ஆண்கள் வார்டிலோ, உத்திரத்தின் அடிப்புறம் நீளவாக்கில் ஓடிய கோட்டைச் சுரண்டியபோது காரை பெயர்ந்து, துருவேறிப் பருத்த கம்பி வெளியே தெரிந்தது. அது புயலின் வேலையன்று. ஆண்டுக்கணக்கில் உப்புக்காற்று செய்த வேலை. படுக்கைகளுக்கு அத்தனை தட்டுப்பாடு இருந்த நேரத்தில் அந்த வார்டை மூடச் சொன்னது எங்களில் பலருக்குக் கசந்தது; பாதியையாவது திறந்துவிடுங்கள் என்று மன்றாடியவர்களும் உண்டு. பொறியாளர்கள் இசையவில்லை. முட்டுக் கொடுத்துத் தாங்கும்வரை சிவப்பு அட்டை மாறாது என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். இந்த மடலில் எதற்காவது தனித்து நன்றி கூற வேண்டுமென்றால், அந்தக் கையெழுத்துக்குத்தான்.

புறநோயாளிகள் காத்திருக்கும் இடத்தின் தகரக் கூரை பறந்து போனதை நாங்கள் விதி என்று விட்டிருப்போம். கல்லூரி ஆசிரியர்கள் விடவில்லை. காற்றுச் சுமைக்கான இந்தியத் தர நிர்ணயத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம், கிழக்குக் கடற்கரையில் புயலுக்குப் பின்னும் இயங்கியாக வேண்டிய மருத்துவமனை போன்ற கட்டடங்களுக்குக் காற்றின் வேகத்தை 1.30 மடங்காகக் கொண்டு கணக்கிடச் சொல்கிறது என்றும், அழுத்தம் வேகத்தின் இருமடியாக ஏறுவதால் கூரை தாங்க வேண்டிய விசை ஏறத்தாழ 1.7 மடங்காகும் என்றும் விளக்கினார்கள். புதுக் கூரைக்கான மதிப்பீட்டில் ஓரங்களிலும் மூலைகளிலும் போல்ட்டுகளை நெருக்கமாக அமைக்கச் சொல்லும் குறிப்பு அவர்கள் எழுதியதே. பழைய மதிப்பீட்டையே நகலெடுத்து அனுப்பும் வழக்கம் எவ்வளவு வலுவானது என்பதை அறிந்தவர்கள் இந்தக் குறிப்பின் அருமையை உணர்வார்கள்.

டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்கள் சாய்ந்திருந்த நிலையில், பிற மாவட்டங்களிலிருந்தும் கேரளம் போன்ற அண்டை மாநிலங்களிலிருந்தும் வந்து, வயலிலும் சேற்றிலும் நின்று கம்பம் நட்ட மின்வாரிய ஊழியர்களை இந்தப் பகுதி மறக்காது. எங்கள் வளாகத்துக்கு மின்சாரம் வந்தவுடன் சுவிட்சைப் போட்டுவிடாமல், நனைந்த ஒயரிங்கில் மின்கசிவு உண்டா என்று மெகர் என்னும் காப்புச் சோதனைக் கருவி கொண்டு அறை அறையாகச் சோதித்து, அறுவை அரங்கின் இணைப்பை மட்டும் பிரித்து வைத்துச் சென்ற மின் பிரிவினருக்கு எங்கள் வணக்கம். ஊறிப்போன பொய்க்கூரைப் பலகைகளை அங்கிருந்து அப்புறப்படுத்தி, கிருமிச் சோதனை முடிவு வரும்வரை திரும்பத் திரும்பக் கழுவித் துடைத்த துப்புரவுப் பணியாளர்களின் பெயர் எந்த ஆய்வறிக்கையிலும் இடம்பெறவில்லை என்பதால் இங்கே சொல்கிறேன்.

மாடி வார்டின் பழுதுபார்ப்பு இன்னும் முடியவில்லை. அதுவரை கீழ்த்தள வராந்தாவில் இடநெருக்கடியைப் பொறுத்துக்கொள்ளும் நோயாளிகளுக்கும், உடனிருந்து பார்த்துக்கொள்ளும் அவர்களின் குடும்பத்தாருக்கும் நன்றி. ஆய்வறிக்கையின் நகல் அலுவலகத்தில் வைக்கப்பட்டுள்ளது. பார்க்க விரும்புவோர் வேலை நேரத்தில் கேட்டுப் பெறலாம்.

தங்கள் உண்மையுள்ள,
நிலைய மருத்துவ அலுவலர்,
மருத்துவமனைப் பணியாளர்கள் சார்பில்