ஸ்டேட்டஸ் 7 என்றால் என்ன, சுமதி?

கோயம்புத்தூர்
மார்ச் 9

அன்புள்ள சுமதி,

இங்கு எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது சீரியலில் யார் என்ன கலரில் புடவை கட்டியிருக்கிறார்கள் என்பது வரை ஒப்பிக்கிறாள். உன் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்ததா? சின்னவள் பிளஸ் டூ எழுதுகிறாளே, அவளைப் போட்டுப் படுத்தாதே. நீ பொங்கலுக்கு அனுப்பிய நீளமான வாய்ஸ் மெசேஜுக்கு நான் இன்னும் பதில் போடவில்லை என்று கோபமாக இருப்பாய். திட்டுவதையெல்லாம் சேர்த்து வை, நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. நம் அட்மிஷன் சிஸ்டம் என்னிடமே திரும்பி வந்திருக்கிறதுடி. அதேதான். நீயும் நானும் விஷுவல் பேசிக் 6-இல் எழுதி, ஆரக்கிள் டேட்டாபேஸில் டேபிள் போட்டு, ஜெனரேட்டர் அண்ணன் புண்ணியத்தில் இரண்டு முறை எழுதினோமே, அந்தக் கல்லூரியின் சிஸ்டம். ட்ரஸ்டுக்காரர்கள் இப்போது எல்லாவற்றையும் போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸுக்கு மாற்றி, மாணவர்கள் போனிலேயே ஃபார்ம் நிரப்பும்படி கேட்கிறார்கள். வேலை எங்கள் கம்பெனிக்கு வந்தது. டேபிள்களைத் திறந்து பார்த்தால் உன் கையெழுத்தை அடையாளம் கண்டுபிடிக்க முடிகிறது. எந்த ஃபீல்டுக்கும் ஐந்து எழுத்துக்கு மேல் பெயர் வைக்க மாட்டாயே, கஞ்சம்!

நடுவில் வேறொரு கம்பெனி அதே டேபிள்களின் மேல் ஒரு வெப்சைட்டைக் கட்டியிருக்கிறது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

ஃபார்ம்கள் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் எந்தக் கட்டம் எந்த டேபிளின் எந்த ஃபீல்டுக்குப் போகிறது, போகும்போது என்ன சோதனை, திரும்பத் திரையில் காட்டும்போது என்ன வடிவம் என்று கையால் எழுதினால் வாழ்நாள் போதாது. விஷுவல் பேசிக்கில், அதாவது நம் விபியில், நமக்கு இந்தக் கவலையே இல்லை, நினைவிருக்கிறதா? ப்ராபர்ட்டி விண்டோவில் டேட்டாஃபீல்டு என்ற இடத்தில் பெயரைப் போட்டால் முடிந்தது, டேட்டா கன்ட்ரோல் பார்த்துக்கொள்ளும். வெப்பில் பிரவுசருக்கு ஒன்றும் தெரியாது. மதிப்பெண், பிறந்த தேதி, சாதிச் சான்றிதழ் எண் என எல்லாவற்றையும் வெறும் எழுத்துச் சரமாகக் கட்டி அனுப்பிவிடும். அதை வகை பிரித்துச் சேர்ப்பது நம் பாடு.

எங்கள் டீமில் ஒரு பையன் இருக்கிறான், சேலத்துக்காரன், உன்னைப் போலவே சாப்பாட்டை மறந்து வேலை செய்பவன். அவன் ஒரு புரோகிராம் எழுதினான். டேட்டாபேஸ் தன் டேபிள்களைப் பற்றி வைத்திருக்கும் விவரப் பட்டியலை, அதாவது இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவை, அது படிக்கிறது. எந்த ஃபீல்டு காலியாக இருக்கக் கூடாது என்று டேபிள் சொல்கிறதோ அது ஃபார்மில் கட்டாயக் கட்டம் ஆகிறது. வேறொரு டேபிளைச் சுட்டும் ஃபாரின் கீ இருந்தால் டிராப்டவுன், தேதி என்றால் காலண்டர், 30 எழுத்து என்றால் கட்டத்திலும் 30-க்கு மேல் தட்ட முடியாது. ஒரு டேபிளைக் காட்டினால் கண் எதிரில் ஃபார்ம் எழுந்து நிற்கிறது, சேமிக்கிறது, திருத்துகிறது. 2004-இல் ரூபி ஆன் ரெயில்ஸ், 2005-இல் ஜாங்கோ என்ற வெப்சைட் கட்டும் கருவிகள் பரவலாக்கிய வித்தைதான் இது. என்றாலும் நம் டேபிள்களில் அது ஓடியதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இதை முழு மனதோடு சொல்கிறேன்: ஒரே வேலையை நூறு ஃபார்முக்கு நூறு தடவை கையால் எழுதுவதில் எந்தப் பெருமையும் கிடையாது. எண்பதாவது ஃபார்மில் கை தவறும். மெஷினுக்குத் தவறாது.

பிறகு பழைய டேட்டாவை உள்ளே விட்டோம். அப்போதுதான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

முதலில் பெயர். அந்த வெப்சைட்காரர்கள் சான்றிதழில் அச்சிடுவதற்காகத் தமிழில் பெயர் என்று ஒரு ஃபீல்டு சேர்த்திருக்கிறார்கள், அளவு 30. ஆரக்கிள் அந்த 30-ஐ, நாமாகச் சொல்லாவிட்டால், பைட் கணக்கில்தான் எடுக்கும். எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட். ‘கார்த்திகேயன்’ என்று எழுதிப் பார். நமக்கு ஏழு எழுத்து. கம்ப்யூட்டருக்குக் கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனி என்பதால் 13 குறிகள், 39 பைட். ஃபார்மில் உள்ள கட்டம் 13 தானே என்று விட்டுவிடும், டேட்டாபேஸ் தடுக்கும். எர்ரர் வராமல் இருக்க அவர்கள் 30 பைட்டில் வெட்டிச் சேமித்துவிட்டார்கள். அதனால் டேபிளில் அந்தப் பையன் ‘கார்த்திகே’. பெற்றவர்கள் வைத்த பெயரை எந்தக் குற்றத்துக்காக வெட்டினார்கள்? நம் தானியங்கி புரோகிராமோ, டேபிளில் 30 என்று இருக்கிறது, ஆகவே தமிழ்ப் பெயருக்கு எல்லை 30 என்று புதிய ஃபார்முக்கும் அதையே எடுத்துக்கொண்டது.

அடுத்தது ஈமெயில். ஆரக்கிளுக்கு வெற்றுச் சரமும், மதிப்பே இல்லை என்று சொல்லும் ‘நல்’ (NULL) நிலையும் ஒன்று. போஸ்ட்கிரெஸுக்கு இரண்டும் வேறு. ஈமெயில் இரண்டு பேருக்கு ஒன்றாக இருக்கக் கூடாது என்று நாம் விதி வைத்தோமே, ஆரக்கிளில் ஈமெயிலே இல்லாத பிள்ளைகள் எத்தனை பேர் வந்தாலும் அது தொந்தரவு செய்ததில்லை. இப்போது கட்டத்தைக் காலியாக விட்டால் பிரவுசர் வெற்றுச் சரத்தை அனுப்புகிறது, போஸ்ட்கிரெஸ் அதை ஒரு ஈமெயிலாகவே மதிக்கிறது. ஈமெயில் இல்லாத முதல் பிள்ளைக்கு விண்ணப்பம் போகும், இரண்டாவது பிள்ளைக்கு ‘இந்த ஈமெயில் ஏற்கெனவே உள்ளது’ என்று வரும். ஈமெயில் வைத்திருக்காத பிள்ளைகள் யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இவை எல்லாம் சரிசெய்து முடித்தாயிற்று. என் தூக்கத்தைக் கெடுத்தது வேறு.

ஃபார்மில் ‘முதல் பட்டதாரி’ என்று ஒரு செக்பாக்ஸ் உண்டு. நம் காலத்தில் அது இல்லை. குடும்பத்தில் முதலாவதாகப் பட்டம் படிக்க வருபவர்களுக்குக் கவுன்சலிங் சீட்டில் டியூஷன் கட்டணத்தை அரசே ஏற்கும் சலுகை, பின்னால் வந்தது. டிக் செய்யாத செக்பாக்ஸைப் பிரவுசர் அனுப்புவதே இல்லை, ‘இல்லை’ என்றுகூடச் சொல்லாது. அதனால் அந்த வெப்சைட்காரர்களின் மேப்பிங், அதாவது கட்டத்தை ஃபீல்டோடு இணைக்கும் பகுதி, வராத செக்பாக்ஸ் எல்லாவற்றையும் ‘இல்லை’ என்று எழுதும்படி இருந்தது. அந்த ஃபார்ம் மட்டும் என்றால் சரி. ஆனால் டேபிள் ஒன்று, ஃபார்ம் பல. போன் நம்பரை மாற்றும் சின்ன ஃபார்மும் அதே டேபிளுக்குத்தான் போகிறது, அதில் முதல் பட்டதாரிக் கட்டமே கிடையாது. ஒரு பிள்ளை தன் அப்பாவின் புது நம்பரைப் போட்டுச் சேமித்தால் அவள் முதல் பட்டதாரி இல்லை என்று ஆகிவிடும். அடுத்த பருவத்துக்கு முழுக் கட்டணம் கட்டச் சொல்லி நோட்டீஸ் போகும்.

ரெயில்ஸில் இதற்காகவே ஒவ்வொரு செக்பாக்ஸுக்கு முன்னாலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஜ்யக் கட்டத்தை வைக்கிறார்கள். திரையில் கட்டம் இருந்து டிக் இல்லையென்றால் பூஜ்யம் வரும், கட்டமே இல்லையென்றால் எதுவும் வராது, இருந்த மதிப்பு அப்படியே இருக்கும். நம் விபி செக்பாக்ஸில் மூன்றாவதாகச் சாம்பல் நிற நிலை ஒன்று இருந்ததே, ‘இன்னும் கேட்கவில்லை’ என்று காட்ட நீ அதைத்தான் ஹாஸ்டல் கட்டத்தில் வைத்தாய். அப்போது உன்னோடு எவ்வளவு வாதாடினேன். நீ செய்ததுதான் சரி.

இது எப்படி வருஷக்கணக்காக வெளியே தெரியாமல் இருந்தது தெரியுமா? நம் சூப்பரிண்டெண்டெண்ட் அம்மா. ஆமாம், இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள், அதே மூக்குத்தி, அதே ஃபிளாஸ்க். ஈ-சேவை மையத்தில் அலைந்து வாங்கிய சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ ஓர் அப்பா ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்பாராம். அம்மா ஒரு நீள நோட்டில் அப்படிப்பட்ட பிள்ளைகளின் பெயரை எழுதிவைத்து, ஒவ்வொரு பருவமும் பட்டியல் போகும் முன் ஒவ்வொருவரையும் திறந்து மறுபடி டிக் செய்திருக்கிறார்கள். “கம்ப்யூட்டர் மறந்துடுது பாப்பா, நான் ஞாபகப்படுத்துறேன்” என்றார்கள். ஜன்னல் வரைக்கும் வராமலே, கடன் வாங்கிக் கட்டிவிட்டுப் போன அப்பாக்கள் எத்தனை பேரோ. அதைக் கேட்டபின் அன்று என்னால் வேறு வேலை பார்க்க முடியவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பெயர் பொருந்தினால் போதும், வருவதையெல்லாம் டேபிளில் எழுது என்று மெஷினை விட்டால், நாம் திரையில் வைக்காத ஃபீல்டையும் ஒருவர் அனுப்பி எழுதிவிடலாம். 2012 மார்ச்சில், புரோகிராம்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்திலேயே இது நடந்தது. ஈகோர் ஹோமகோவ் என்ற ரஷ்ய இளைஞர், தளத்தில் எழுத அனுமதி தரும் டிஜிட்டல் சாவியைப் பதிவு செய்யும் ஃபார்மில் வேறொருவரின் அடையாள எண்ணையும் சேர்த்து அனுப்பினார். மேப்பிங் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டது. ரெயில்ஸின் சொந்தப் புரோகிராம் களஞ்சியத்திலேயே அவரால் எழுத முடிந்தது. அதன் பிறகு ரெயில்ஸ் 4-இல், எந்தெந்த ஃபீல்டை ஏற்கலாம் என்று நாமே பட்டியல் கொடுத்தாக வேண்டும் என்று மாற்றினார்கள். ஜாங்கோவும் 1.8-இலிருந்து, எந்த ஃபீல்டுகள் என்று சொல்லாமல் டேபிளிலிருந்து ஃபார்ம் எழுப்பினால் ஓடவே மறுக்கிறது. எல்லாம் வேண்டும் என்றாலும் ‘எல்லாம்’ என்று நம் கையால் எழுத வேண்டும். கல்விக் கட்டண விலக்கு ஃபீல்டை எந்த மாணவராவது வெளியிலிருந்து எழுதிக்கொள்ள முடிந்தால் என்ன ஆகும், யோசித்துப் பார்.

அதனால் நான் பிடிவாதமாக ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறேன். டேபிளுக்கும் ஃபார்முக்கும் நடுவில் ஒரு விவரக் கோப்பு. மெஷின்தான் அதை நிரப்பும். பெயரைப் பார்க்கும், வகையைப் பார்க்கும், உள்ளே கிடக்கும் டேட்டாவையும் பார்த்து யூகம் சொல்லும். டேட்டாபேஸ் ஆய்வாளர்கள் எர்ஹார்டு ராமும் ஃபிலிப் பெர்ன்ஸ்டைனும் 2001-இலேயே இந்த வழிகளை வகைப்படுத்தி எழுதிவிட்டார்கள். டேட்டாவைப் பார்ப்பது எவ்வளவு பயன் தெரியுமா, ‘ரிமார்க்ஸ் 2’ என்ற ஃபீல்டில் இருப்பது குறிப்பே இல்லை, பஸ் ஸ்டாப் பெயர்கள் என்று அப்படித்தான் கண்டுபிடித்தோம். ஆனால் ஒவ்வொரு ஃபீல்டுக்கும் ஒரு மனுஷர் மூன்றில் ஒன்றைத் தேர்ந்து பெயர் போட வேண்டும்: மாணவர் எழுதலாம், அலுவலகம் மட்டும் எழுதலாம், வெப்பிலிருந்து யாரும் எழுதக் கூடாது. அதன் அர்த்தம் என்ன என்று ஒரு வரியும் வேண்டும். ஒரே ஒரு ஃபீல்டு முடிவாகாமல் இருந்தாலும் எந்த ஃபார்மும் வெளியே போகாது, பில்டு, அதாவது புரோகிராமை வெளியீட்டுக்குத் தயார்செய்யும் வேலை, நின்றுவிடும். மேனேஜருக்கு இதில் எரிச்சல், தேதி தள்ளிப் போகிறது என்கிறார். போகட்டும். நூறு ஃபார்மையும் மெஷின் எழுதட்டும், அந்தக் கையெழுத்து மட்டும் மனுஷருடையதாக இருக்க வேண்டும் என்பதில் நான் இறங்கி வரப்போவதில்லை.

இப்போது உன் பங்குக்கு வருகிறேன். விண்ணப்ப டேபிளில் ஸ்டேட்டஸ் ஃபீல்டு. 1 முதல் 6 வரை எல்லோருக்கும் தெரியும். பழைய ரெக்கார்டுகளில் 7 என்று கிடக்கிறது. சேலத்துப் பையன் ஏஐயிடம் கேட்டான், அது கொஞ்சமும் தயங்காமல் ‘நிராகரிக்கப்பட்டது’ என்றது. கேட்க ரொம்பப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 7-காரர்களில் சிலர் படித்து முடித்து டிசி வாங்கியிருக்கிறார்கள். அவர்கள் டூப்ளிகேட் மார்க் ஷீட் கேட்டு வரும் அன்று திரையில் ‘நிராகரிக்கப்பட்டது’ என்று வந்தால்? சூப்பரிண்டெண்டெண்ட் அம்மாவிடம் கேட்டேன். “அது சுமதி போட்டது, அவளைக் கேளு” என்று முடித்துவிட்டார்கள். நடுவில் நின்று அடுத்த வருஷம் திரும்பி வந்தவர்களுக்காக நீ வைத்ததோ என்று எனக்கு ஒரு மங்கலான ஞாபகம். என் ஞாபகத்தை நம்பி அதில் கையெழுத்துப் போட மாட்டேன்.

அம்மா மே மாதக் கடைசியில் ரிட்டயர் ஆகிறார்கள். அதற்குள் அந்த நோட்டில் இருப்பதையும் அவர்கள் மனதில் இருப்பதையும் கோப்பில் ஏற்றிவிட வேண்டும். உன் பாலிடெக்னிக்குக்கு லீவு விட்டதும் ஒரு சனி ஞாயிறு வா. தஞ்சாவூரிலிருந்து ராத்திரி ரயிலில் ஏறினால் காலையில் இங்கே இருப்பாய், நான் ஸ்டேஷனுக்கு வருகிறேன். மூன்று பேரும் உட்கார்ந்து விடுபட்ட ஃபீல்டுகளை முடித்துவிடலாம், சாயங்காலம் அன்னபூர்ணாவில் சாம்பார் வடை. உன் மாணவர்களில் யாராவது இந்த விஷயத்தில் ஆர்வமாக இருந்தால் கூட்டிக்கொண்டு வா. பாடத்தில் இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

கேட்டகிரி 9, கோட்டா இசட், ‘எஃப்எல்ஜி3’ இவை பற்றியும் கேட்க வேண்டும், தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன், நேரில் பேசலாம். 7-க்கு மட்டும் கடிதம் கிடைத்ததும் வாட்ஸ்அப்பில் பதில் போடு. உறுதியாகத் தெரியவில்லை என்றால் அதையும் அப்படியே சொல். நேரில் பேசி முடிவெடுக்கும் வரை நான் பில்டை நிறுத்தியே வைக்கிறேன்.

அன்புடன்,
வாசுகி