பள்ளி வாசலில் தொங்கும் விழுக்காடு பற்றி

எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியின் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். சென்ற முறை, நம் தென்னாப்பிரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்பின் இறுதித் தேர்வான மெட்ரிக்கின் முடிவுகள் வந்த மறுநாளே, தேர்ச்சி விழுக்காட்டைப் பெரிய எழுத்தில் அச்சடித்த பதாகை பள்ளியின் கம்பிவேலியில் கட்டப்பட்டது. ஏப்ரலில் அரவை தொடங்கி, கரும்பு லாரிகள் கிளப்பிய புழுதி படிந்த பின்னும் அது அங்கேயேதான் தொங்கியது. அதை ஒட்டியே இம்மடலை எழுதுகிறேன்.

2024-ஆம் ஆண்டில் நாடு முழுவதற்குமான மெட்ரிக் தேர்ச்சி 87.3 விழுக்காடு, நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 89.5. அந்த வரிசையில் நம் பள்ளியும் தலைகுனியாமல் நிற்பதில் எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால் இக்கணக்கு தேர்வு எழுதியவர்களை மட்டுமே கொண்டு போடப்படுகிறது. பத்தாம் வகுப்பில் சேர்ந்து, பதினொன்றில் தங்கிப்போய், பிறகு ஒருநாள் வராமலே நின்றுவிட்ட பிள்ளை அதில் எங்கும் இல்லை. என் பேத்தி பத்தாவது படித்தபோது மூன்று அறைகளில் இருந்த பிள்ளைகள், மெட்ரிக் ஆண்டில் இரண்டு அறைகளுக்குள் அடங்கிவிட்டார்கள்.

அவள் தேர்ச்சி பெற்றவள்தான். அவளைப் பற்றித்தான் என் மனக்குறையும். பத்தாம் வகுப்பின் நடுவில் ஒரு தாளைக் கொண்டுவந்து, "தாத்தா, ஒரு கையெழுத்துத்தான்" என்றாள். கணிதத்தை விட்டு, அன்றாடக் கணக்குகளைக் கற்பிக்கும் எளிய பாடமான மேத்தமேட்டிக்கல் லிட்டரசிக்கு மாறச் சம்மதம் என்று அதில் அச்சடித்திருந்தது. சமையலறை மேசையில் வைத்து, மூக்குக்கண்ணாடிகூடப் போடாமல் கையெழுத்திட்டேன். அந்தப் பிழை என்னுடையது. பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் அந்தப் பாடம் செல்லாது என்பது, பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்பும்போதுதான் எங்களுக்குத் தெரியவந்தது. கணிதத்தில் தடுமாறும் பிள்ளையை எளிய பாடத்துக்கு நகர்த்தினால் பள்ளியின் விழுக்காடு உயரும் என்பதை நான் மறுக்கவில்லை. அந்த உயர்வுக்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதே என் கேள்வி.

மெட்ரிக் சான்றிதழுக்கு வேண்டிய மதிப்பெண் தாய்மொழிப் பாடம் உட்பட மூன்று பாடங்களில் 40, வேறு மூன்றில் 30. பட்டப்படிப்புக்குத் தகுதி பெறவோ நான்கு பாடங்களில் 50 வேண்டும். பதாகையில் இவ்விரண்டும் ஒரே எண்ணுக்குள் கலந்துவிடுகின்றன.

1860 முதல் சென்னையிலிருந்து கப்பலேறி இந்தக் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் பிள்ளைகள், தங்கள் கூலியிலிருந்து காசு சேர்த்துப் பள்ளிக்கூடங்கள் எழுப்பினார்கள். அன்று அவர்கள் விழுக்காடு கேட்டிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். இன்று நம் வகுப்பறைகளில் சூலு வீட்டுப் பிள்ளைகளும் தமிழ் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் அமர்கிறார்கள். இந்தத் தாள் இரு வீடுகளுக்குமே வந்தது.

நிர்வாகக் குழுவில் பெற்றோரே பெரும்பான்மையாக இருக்க வேண்டும் என்பது 1996-ஆம் ஆண்டுப் பள்ளிச் சட்டம். ஆகவே உங்களிடம் கேட்பது முறையென்றே கருதுகிறேன். அடுத்த பதாகையில் பத்தாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் கணிதத் தேர்வு எழுதியவர்கள் எத்தனை பேர் என்பதையும் அச்சிடுங்கள். பாடம் மாற்றும் தாளைப் பிள்ளையின் கையில் கொடுத்தனுப்பாமல், கணித ஆசிரியர் முன்னிலையில் பெற்றோரிடம் விளக்கிய பிறகே கையெழுத்து வாங்குங்கள். சூலு மொழியிலும் ஒருவர் விளக்கட்டும். அந்தச் சந்திப்பை வார நாளில் மாலை 5 மணிக்கு வைக்க வேண்டாம். அரவைப் பருவத்தில் ஆலையில் ஷிப்ட் பார்ப்பவர்கள் அந்நேரத்துக்கு வர இயலாது; ஞாயிறு காலை என்றால் வருவார்கள்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தாத்தா