டிலன் சீஸுக்கு ஏழு ஆண்டுகள் கொடுத்தது சரியா?

ஆசிரியர் அவர்கட்கு,

ரொறன்ரோ புளூ ஜேஸ் பேஸ்போல் அணி, பந்துவீச்சாளர் டிலன் சீஸை ஏழு ஆண்டுகளுக்கு 210 மில்லியன் அமெரிக்க டொலருக்கு ஒப்பந்தம் செய்தது பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வெளிவந்த குறிப்பை வாசித்தேன். கடந்த 2025 பருவத்தில் எட்டு ஆட்டங்களில் மட்டும் வென்று பன்னிரண்டில் தோற்ற ஒருவருக்கு 6,000 கோடி இலங்கை ரூபாவுக்கு மேல் அள்ளிக் கொடுத்துவிட்டார்கள் என்பதே அதன் சாரம். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வசிக்கும் என் தம்பி குடும்பத்தாரோடு சேர்ந்து பல ஆண்டுகளாக அந்த அணியைப் பின்தொடர்ந்து வருபவன் என்ற முறையில், அந்தக் கணக்குப் பிழையான இடத்தில் தொடங்குகிறது என்றே கருதுகிறேன். வருடச் சம்பளம் நியாயமானது, ஆண்டுகள்தான் கூடிப்போயின.

முதலில் வெற்றி தோல்விக் கணக்கை விட்டுவிட வேண்டும். தன் அணியினர் ஓட்டம் எடுக்காவிட்டால், எவ்வளவு நன்றாக வீசினாலும் தோல்வி பந்துவீச்சாளரின் பெயரிலேயே எழுதப்படக்கூடும். ஒரு பருவத்தின் 162 ஆட்டங்களையும் ஐந்து தொடக்கப் பந்துவீச்சாளர்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு ஏறத்தாழ 32 ஆட்டங்கள் வரும். சீஸ் 2021 முதல் 2025 வரை ஐந்து பருவங்களிலும் 32 ஆட்டங்களுக்குக் குறையாமல் தொடக்கி வீசியிருக்கிறார். அந்த ஐந்திலும் 200க்கு மேற்பட்ட ஸ்ரைக்கவுட்டுகளை, அதாவது துடுப்பாட்டக்காரரை மூன்று ஸ்ரைக்குகளில் ஆட்டமிழக்கச் செய்வதை, எடுத்திருக்கிறார். முழங்கை அறுவைச் சிகிச்சையால் பந்துவீச்சாளர்கள் ஒன்றரை வருடம் காணாமற்போவது வழக்கமாகிவிட்ட இந்த நாட்களில், முறை தவறாமல் வந்து நிற்கும் ஒருவருக்கு வருடம் 30 மில்லியன் டொலர் கொடுப்பதை நான் குறைசொல்ல மாட்டேன். அதிலும் ஒரு பகுதி பிற்காலத்திலேயே கொடுக்கப்படவிருப்பதால், அதன் இன்றைய மதிப்பு இன்னும் குறைவு.

அவரிடம் குறையே இல்லை என்று சொல்லவில்லை. கடந்த பருவத்தில் அவர் ஓர் ஆட்டத்துக்குரிய ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக, சக வீரர்களின் பிழையால் வந்தவை நீங்கலாக, 4.55 ஓட்டங்களை விட்டுக்கொடுத்தார். 32 ஆட்டங்களில் வீசியது 168 இன்னிங்ஸ். அதாவது ஐந்தாவது இன்னிங்ஸைத் தாண்டியதும் பெரும்பாலும் வேறொருவர் பந்தை வாங்க வேண்டியிருந்தது. இலக்குக்கு வெளியே வீசித் துடுப்பாட்டக்காரரை முதல் தளத்துக்குச் சும்மா நடக்கவிடும் பழக்கம் அவரிடம் நெடுங்காலமாக உண்டு. வேகப்பந்தையும், பக்கவாட்டில் விலகிப்போகும் ஸ்லைடரையும் பெரிதும் நம்பி வீசுபவர் அவர். முதலாவதன் வேகம் வயதோடு இறங்கினால் இரண்டாவதற்கும் யாரும் ஏமாறமாட்டார்கள். 2032இல், ஒப்பந்தத்தின் கடைசிப் பருவத்தில், அவருக்கு வயது 36 ஆக இருக்கும்.

நீண்ட ஒப்பந்தத்துக்கு ஆதரவாகப் பேசுவோர் இதே அணியின் ஜோர்ஜ் ஸ்பிரிங்கரைக் காட்டுவார்கள். 2021 ஜனவரியில் ஆறு ஆண்டுகளுக்கு 150 மில்லியன் டொலர் கொடுத்து அவரை எடுத்தார்கள். முதற் பருவத்திலேயே காயங்களால் 78 ஆட்டங்களில்தான் ஆடினார். 2024இல் அவருடைய துடுப்பாட்டச் சராசரி .220க்கு இறங்கியபோது காசு வீணாய்ப் போனது என்று என் தம்பியே சொன்னான். பிறகு 2025இல் சராசரி .309, ஹோம் ரன்கள் 32. கடந்த தீபாவளிக்கு மறுநாள் காலை, சமையலறை மேசையில் சீனிப் போத்தலோடு சாய்த்து வைத்த கைத்தொலைபேசியில் உலகத் தொடர் என்னும் இறுதித் தொடருக்கு யார் போவது என்பதைத் தீர்மானிக்கும், சியாட்டில் அணிக்கெதிரான ஏழாவது ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழாவது இன்னிங்ஸில் இரண்டு ஓட்டங்கள் பின்தங்கி நின்ற வேளையில் அவர் அடித்த பந்து இடது பக்க வேலியைத் தாண்டிப் போய் மூன்று ஓட்டங்களைக் கொடுத்தது. 1993க்குப் பிறகு முதன்முறையாக அணி உலகத் தொடருக்குப் போனது. உடனே தம்பி அழைத்தான். அவன் ஒன்றும் பேசவில்லை, பிள்ளைகள் கத்துவதுதான் கேட்டது.

அந்தக் காலையை நான் மறக்க மாட்டேன். ஆனாலும் அதை வைத்து அடுத்த ஒப்பந்தத்துக்கு விலை பேச முடியாது, ஏனெனில் ஸ்பிரிங்கர் துடுப்பாட்டக்காரர், சீஸ் கையை நம்பிப் பிழைப்பவர். இதே அணி 2019 டிசம்பரில் பந்துவீச்சாளர் ஹியூன் ஜின் ரியூவுக்கு நான்கு ஆண்டுகளுக்கு 80 மில்லியன் கொடுத்தது. முதற் பருவத்தில் அபாரமாக வீசிய அவர், மூன்றாவதில் ஆறு ஆட்டங்களோடு அறுவைச் சிகிச்சைக்குப் போனார். நான்கு ஆண்டுகளுக்குள்ளேயே ஒரு கை இப்படியாகுமென்றால், ஏழு ஆண்டுகளுக்கு என்ன உத்தரவாதம்? இங்கே கறுத்தக்கொழும்பான் மாமரத்தைப் பூவில் பார்த்து விலைபேசும் வியாபாரியிடம், அதே விலைக்கு ஏழு பருவங்களையும் சேர்த்து எடுக்கச் சொன்னால் சம்மதிப்பாரா?

இதில் இன்னொன்றும் உண்டு. சம்பளத்துக்கு உச்சவரம்பு இல்லாவிட்டாலும், 2026இல் மொத்தச் சம்பளம் 244 மில்லியனைத் தாண்டும் அணி மேல்வரி கட்ட வேண்டும். துடுப்பாட்டக்காரர் விளாடிமிர் கெரேரோ ஜூனியருக்கு 14 ஆண்டுகளுக்கு 500 மில்லியன் என்று ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். 2031இலும் 2032இலும் சீஸின் கை தளர்ந்திருந்தால், அவர் சம்பளம் அந்தக் கணக்கில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்க, வேறு நல்ல பந்துவீச்சாளரை எடுக்க வழியிருக்காது. வருடத்துக்கு இன்னும் நான்கைந்து மில்லியன் கூடக் கொடுத்தேனும் ஐந்து ஆண்டுகளோடு நிறுத்தியிருக்கலாம். மற்ற அணிகளும் போட்டியிட்டபடியால் ஆண்டுகளைக் கூட்டித்தான் அவரை எடுக்க முடிந்திருக்கும் என்பது எனக்கும் விளங்குகிறது. அதற்காக அந்தக் கடைசி இரண்டு ஆண்டுகள் மலிவாகிவிடப் போவதில்லை.

இவ்வாறான ஒப்பந்தச் செய்திகளை இனி வெளியிடும்போது, ரூபாக் கணக்கோடு வீரரின் வயதையும் ஒப்பந்தம் முடியும் ஆண்டையும் சேர்த்துத் தருமாறு தங்களைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோண்டாவில், யாழ்ப்பாணம்.